மூலையில் கிடந்த வெள்ளிப் பெட்டி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் எழுதாதே, ஏற்கெனவே பதினோரு கட்டுரை வந்துவிட்டது!" சரி, மெஸ் வேண்டாம். ஆனால் லேப் பற்றி ஒரு பத்தியாவது எழுத அனுமதிக்க வேண்டும். நான் சொல்ல வந்த சரித்திரம் எனக்கு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

மூன்றாம் வருடம், எலெக்ட்ரானிக் சர்க்யூட்ஸ் லேப். சதுர அலை உண்டாக்கிக் காட்ட வேண்டும். என் ஆசிலோஸ்கோப் திரையில் வந்த அலை சதுரமாக இல்லை; தலைப்பக்கம் சரிந்து, தேய்ந்துபோன படிக்கட்டு மாதிரி இருந்தது. லேப் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "என்னப்பா இது, ஸ்கொயரா? இதுக்கு மேல தண்ணி ஊத்துனா வழிஞ்சு ஓடிடும் போலிருக்கே!" வகுப்பே சிரித்தது. பத்துக்கு நாலு மார்க். நியாயமான மார்க்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே மாதிரி சரிந்த அலையை ஒரு ஜப்பானியக் கம்பெனி பெட்டிக்குள் வைத்து விற்றது, அதற்குப் பாதி உலகம் எழுந்து ஆடியது என்கிற விஷயம் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்தப் பெட்டியின் கதைதான் இது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு எதுவும் வராது என்று உறுதி கூறுகிறேன்.

மின்னணு இசை என்பது ஒரு காலத்தில் நிறுவனங்களின் சொத்து. ரேடியோ நிலையம், பல்கலைக்கழகம், பெரிய ஸ்டூடியோ, இவற்றுக்கு வெளியே அந்தக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கவே முடியாது. நம் நாட்டிலும் அப்படித்தான். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-இல் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அதை நிறுவிக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் என்ற இசைக் கலைஞர் வந்தார். சுவர் நிறைய ஒயர்! நிறுவனத்தின் கதவுக்கு அந்தப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

விதிவிலக்குகள் இருந்தன. இங்கிலாந்தில் டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி பி.பி.சி. வேலையை 1959-இல் உதறிவிட்டு, கென்ட் பகுதியில் பீருக்கான பயிரை உலர்த்தும் பழைய கட்டடம் ஒன்றை வீடாக்கிக்கொண்டு, அங்கேயே தன் சொந்த ஸ்டூடியோவை அமைத்தார். 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் கோடு வரைந்தால் அது ஒலியாக வரும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் அவர் மாதிரிப் பிடிவாதக்காரர்கள் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. சாதாரண ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து இந்த இசையைச் செய்ய வேண்டுமானால் விலை இறங்கியாக வேண்டும்.

விலையை இறக்கியவர்களில் முக்கியமானவர் இகுதாரோ ககேஹாஷி. ஒசாகாவில் பிறந்தவர், கடிகாரம் ரிப்பேர் பார்த்துத் தொழிலை ஆரம்பித்தவர். இளவயதில் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதனை முறையில் கொடுத்ததால் பிழைத்தவர். 1972-இல் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியில் டடாவோ கிகுமோட்டோ என்ற எஞ்சினியர் வடிவமைத்து, 1981-இல் வெளிவந்ததுதான் நம் பெட்டி, டி.பி.-303.

வெள்ளி நிற பிளாஸ்டிக் கூடு, தலையணைப் புத்தகம் ஒன்றின் அளவு. மேலே வரிசையாகச் சின்னச் சின்னத் திருகுகள், கீழே பியானோ கட்டைகள் மாதிரி பொத்தான்கள். நான்கு பேட்டரி போட்டால் எங்கே வேண்டுமானாலும் ஓடும். அமெரிக்காவில் 395 டாலர். இதன் நோக்கம் மிக எளிமையானது. கிடார் வாசிப்பவர் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறார், கூட பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லை. அந்த ஆளுக்குப் பதில் இந்தப் பெட்டி. கூடவே டி.ஆர்.-606 என்ற தாளப் பெட்டியையும் கேபிள் போட்டு இணைத்துக்கொண்டால் வாத்தியக் கோஷ்டி ரெடி.

ரெடியாகவில்லை! காது உள்ள யாரும் இதை பேஸ் கிடார் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கொசு ஒன்று குடத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம். போதாக்குறைக்கு அதில் ஒரு மெட்டை ஏற்றுவதே பெரிய தவம். ஸ்வரங்களை முதலில் வரிசையாகத் தட்ட வேண்டும். பிறகு வேறு மோடுக்குப் போய் அவற்றின் காலப் பிரமாணத்தைத் தனியாகத் தட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகினால் நீங்கள் நினைத்தது ஒன்று, வருவது வேறொன்று. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். தயாரானது சுமார் பத்தாயிரம். பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கேதான் கதை சிகாகோவுக்குப் போகிறது. ஸ்பாங்கி, டி.ஜே. பியர், ஹெர்ப் ஜே என்று மூன்று இளைஞர்கள். 'ஃப்யூச்சர்' என்று கோஷ்டிக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரிய ஸ்டூடியோ வசதி, பண வசதி எதுவும் கிடையாது. ஸ்பாங்கி செகண்ட் ஹாண்டில் ஒரு 303 வாங்கி வந்தார். அதை இயக்கும் முறை அவர்களுக்குத் தெரியாது. பெட்டி பாட்டுக்கு ஏதோ ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, பியர் மேலே உள்ள திருகுகளைத் திருப்ப ஆரம்பித்தார். நிறுத்தவேயில்லை. அவர்கள் பதிவு செய்த டேப், ரான் ஹார்டி என்பவர் இசைத்தட்டு சுழற்றிய 'மியூசிக் பாக்ஸ்' என்ற நடன அரங்குக்குப் போயிற்று. முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகிப் போனார்களாம். அவர் விடவில்லை, அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காம் தடவைக்கு அரங்கம் வெறிபிடித்து ஆடியது என்று சொல்கிறார்கள். 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது இசைத்தட்டாக வெளிவந்தது. சுமார் பதினொரு நிமிடம். பாட்டு கிடையாது, பல்லவி கிடையாது. ஒரே வரிசை, மாறிக்கொண்டே போகும் நாதம். அடுத்த வருடமே இங்கிலாந்தில் 'ஆசிட் ஹவுஸ்' என்று இளைஞர் கூட்டம் கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்தத் திருகுகள் என்ன செய்கின்றன என்பதை நம் ஊர் வாத்தியத்தை வைத்தே சொல்லிவிடலாம். மோர்சிங் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி ஒரே சுருதியில்தான் 'ஙொய்' என்று அதிரும். ஆனால் வாசிப்பவர் வாயின் உட்கூட்டைத் திறந்தும் குறுக்கியும் அந்த ஒரே ஒலியிலிருந்து வெவ்வேறு சாயல்களை வெளியே எடுக்கிறார். 303-க்குள்ளே கம்பியின் வேலையை ஆசிலேட்டர் செய்கிறது. வாயின் வேலையை ஃபில்டர் செய்கிறது. ஒரு திருகு வாயைத் திறக்கும், மூடும். இன்னொரு திருகு 'ரெசனன்ஸ்', எந்த இடத்தில் வாய் குறுகி விசிலடிக்க வேண்டும் என்று அழுத்திக் காட்டும். பேஸ் கிடார் வேண்டும் என்பவர் இந்தத் திருகுகளை ஒரு தடவை சரிபார்த்து வைத்துவிட்டு அப்புறம் தொடமாட்டார். பியர் தொட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முடிப்பார்கள்: எஞ்சினியர்கள் தோற்றார்கள், விஷயம் தெரியாத பையன்கள் தற்செயலாக ஜெயித்தார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பல வருடங்கள் அப்படியேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 303-இன் சர்க்யூட் படத்தை ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து படித்த பிறகு எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை.

ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 'ஆக்ஸென்ட்' என்று ஒரு வசதி உண்டு. மிருதங்கக்காரர் ஒரு சொல்லை மட்டும் அழுத்தி வாசிப்பது போல, ஒரு ஸ்வரத்தை மட்டும் அழுத்தலாம். வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதோடு விட்டிருக்கலாம். கிகுமோட்டோவின் சர்க்யூட்டில் அந்த அழுத்தம் ஒரு கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, ஃபில்டரையும் சேர்த்துத் திறக்கிறது. அடுத்தடுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு அழுத்தம் வைத்தால் கெப்பாசிட்டர் முழுக்க இறங்குவதற்குள் அடுத்த அழுத்தம் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட வாய் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும். சிகாகோ இசைத்தட்டில் மேலே மேலே ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறதே, அந்த ஏற்றத்தில் இதற்கும் பங்குண்டு. இதையா தற்செயல் என்பது? யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, அந்தக் கெப்பாசிட்டரின் அளவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இன்னொன்று, அந்தத் திருகுகள் வெளியே இருந்தன. 1983-இல் வந்து சந்தையைப் பிடித்த யமஹா டி.எக்ஸ்-7 அற்புதமான கருவிதான். ஆனால் அதன் ஒலியை மாற்ற வேண்டுமானால் பொத்தானை அமுக்கி, சின்னத் திரையைப் பார்த்து, எண் எண்ணாக மாற்ற வேண்டும். புத்தகம் படிக்காமல் ஆகாது. விலை மலிவான 303-இல் எல்லாமே விரல் நுனியில் இருந்தது. படிக்காதவனும் திருப்பிப் பார்க்கலாம், என்ன ஆகிறது என்று அந்த நொடியே காதில் விழும். பியருக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தவர் கிகுமோட்டோ. தாண்டிப் போனவர் பியர். இருவரில் ஒருவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மற்றவர் நிற்கமாட்டார்.

தற்செயலுக்கும் ஒரு பங்கு இருந்தது, மறுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோனால் 303-இன் நினைவு கலைந்துவிடும். மறுபடி உயிர் கொடுக்கும்போது நினைவுச் சில்லின் ஒவ்வொரு அறையும் பூஜ்யமா ஒன்றா என்று தன் இஷ்டத்துக்கு விழும். யாரும் எழுதாத மெட்டு ஒன்று தானாக அங்கே உட்கார்ந்திருக்கும். கடையில் பல மாதம் தூசியில் கிடந்த பெட்டிகளை வாங்கியவர்களுக்கு இது ஒரு இலவச இணைப்பு!

இனி பம்பாய். சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பு, 1982-இல், எச்.எம்.வி. ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். செய்தவர் சரண்ஜித் சிங், இந்திப் படங்களுக்கு கிடார் வாசித்து வந்தவர். அவர் பயன்படுத்தியவை 303, டி.ஆர்.-808 தாளப் பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர். (கடைசியாகச் சொன்னது விலை உயர்ந்த சாமான். ஏழைக் கலைஞர் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.) வீட்டில் இந்த மூன்றையும் இணைத்து வாசித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று தோன்றித்தான் ரெக்கார்டிங்குக்குப் போயிருக்கிறார். பூபாளி, யமன், மால்கௌன்ஸ், கலாவதி... நம் கணக்கில் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம், வலஜி.

303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் 'ஸ்லைட்' வசதி இருக்கிறது. கீபோர்டில் கமகம் வராது என்று நம் வித்வான்கள் சலித்துக்கொள்வார்கள் இல்லையா? அந்தச் சலிப்புக்கு 395 டாலரில் ஒரு சின்னச் சமாதானம் இங்கே இருந்தது. சிங் அதை விட்டுவைக்கவில்லை. தட்டு விற்கவில்லை, மறக்கப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவரின் முயற்சியில் 2010-இல் மறுபடி வெளிவந்தபோதுதான், "ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயிலா?" என்று கேள்வி கிளம்பிற்று. சிங்குக்கு அப்போது எழுபது வயது. அதன் பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

தேசப்பற்றில் ஆமாம் போட ஆசைதான். ஆனால் சிகாகோ இளைஞர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. காதால் கேட்டாலே வித்தியாசம் தெரியும். சிங்குக்கு ராகம்தான் முக்கியம். 303 அவருக்குப் பக்கவாத்தியம். சிகாகோவில் அந்தப் பக்கவாத்தியமே கச்சேரி செய்தது. ஒரே பெட்டி, ஐந்து வருட இடைவெளியில் இரண்டு ஊரில் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. எனக்கு அதுவே போதுமான பெருமை. அந்தத் தட்டு விற்காமல் போனதுதான் மனதைக் குடைகிறது.

பெட்டிக்குப் பேர் வந்ததும் விலையும் ஏறிற்று. அப்போது அதைத் திறந்து கை வைக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ராபின் விட்டில் என்பவர் 1993 முதல் 303-களை வாங்கி உள்ளே சர்க்யூட்டை மாற்றிக் கொடுத்தார். 'டெவில் ஃபிஷ்' என்று அந்த மாற்றத்துக்குப் பெயர். சாதாரண 303-இன் ஃபில்டர் விசிலடிக்கும் எல்லை வரை வந்து நின்றுவிடும். இவர் அந்த எல்லையைத் தாண்டவிட்டார். இது சாத்தியமானதற்குக் காரணம் உள்ளே இருந்தவை தனித்தனி டிரான்சிஸ்டர்கள். சால்டரிங் அயர்னும் பொறுமையும் இருந்தால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய், எது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 2005-இல் அமெரிக்காவில் லிமோர் ஃப்ரீட் என்ற பெண் எஞ்சினியர் 303-இன் சர்க்யூட்டை அப்படியே வீட்டில் கட்டிக்கொள்ளும் கிட்டாக வெளியிட்டார். வரைபடம் எல்லோருக்கும் இலவசம். கஷ்டம் எதில் என்றால், உற்பத்தி நின்றுபோன பழைய டிரான்சிஸ்டர்களைத் தேடுவதில்!

டிரான்சிஸ்டர் என்றதும் என் பிழைப்பு ஞாபகத்துக்கு வருகிறது. நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அளவு தவறிய பாகங்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளுவதுதான் தினசரித் தொழில். 303-க்கு அண்ணன் முறையான 808 தாளப் பெட்டியைப் பற்றி ககேஹாஷி 2015-இல் வெளியான ஓர் ஆவணப் படத்தில் சொல்லியிருக்கும் செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. அதன் 'ஸ்ஸ்' என்ற சிம்பல் ஓசைக்காக, தரம் தேறாத, இரைச்சல் போடும் டிரான்சிஸ்டர்களை அவர் வேண்டுமென்றே வாங்கினார். என்னைப் போல் எவனோ ஒருவன் சிவப்புச் சீட்டு ஒட்டிய சரக்கு! பிறகு செமிகண்டக்டர் தயாரிப்பு முன்னேறி, கழிவு குறைந்து, அந்த மோசமான டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போயிற்று. 1983-இல் 808 நின்றது. நல்ல சரக்கு வந்ததால் ஒரு தயாரிப்பு நின்ற கதையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதற்காக நாளையிலிருந்து நான் ரிஜெக்ட் சரக்கை அனுப்பப் போவதில்லை. எங்கள் போர்டுகள் போகும் இடங்களில் 'ஸ்ஸ்' என்று கேட்டால் ஆள் காலி.

2020-இல் ஊரடங்கு. வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் பழைய பிரெட்போர்டைத் தூசி தட்டி எடுத்தேன். ஜப்பான் டிரான்சிஸ்டருக்கு எங்கே போவது? நாம் லேபில் டஜன் கணக்கில் எரித்த அதே பி.சி.-547, பி.சி.-557 தான். விலை சில்லறைக் காசு. 303-இல் அடிப்படை அலை ரம்பப்பல் வடிவம். அதை ஒரே ஒரு டிரான்சிஸ்டர் உருமாற்றித்தான் சதுர அலை ஆக்குகிறது. சிக்கனம்! அந்தப் பகுதியை மட்டும் முதலில் கட்டினேன். ஸ்கோப்பில் பார்த்தால்... தலை சரிந்து, தேய்ந்த படிக்கட்டு மாதிரி. எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் சொந்த முகம் அடையாளம் தெரியாமல் போகுமா?

ஃபில்டரையும் கட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. 303-இல் டிரான்சிஸ்டர்களையே டயோடு போல வளைத்து ஏணியாக அடுக்கியிருப்பார்கள். அவற்றை ஜோடி பொருந்தப் பொறுக்குவதற்குள் இடுப்பு ஒடிந்தது. முதல் ஒலி வந்த இரவு பத்தரை மணி. உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க, மிக்ஸியில ஏதாவது சிக்கிக்கிச்சா?" என்று ஓடி வந்தாள். "இதுதாம்மா 1987-இல் சிகாகோவில்..." என்று ஆரம்பித்தேன். "காலையில் சொல்லுங்க" என்று போய்விட்டாள். மறுநாள் என் பெண், ஐந்து வயது, நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்திலிருந்து ரெசனன்ஸ் திருகைக் கடைசி வரை முறுக்கிவிட்டு, மற்றதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் யாரும் அவளிடமிருந்து அதை வாங்க முடியவில்லை.

பெட்டி இப்போது பழைய இனிப்பு டப்பா ஒன்றில் குடியிருக்கிறது. சந்திப்பு நாளன்று கொண்டுவருகிறேன். ஒன்பது வோல்ட் பேட்டரி நானே போட்டுக் கொள்கிறேன், ஸ்பீக்கர் மட்டும் விழாக்குழு தர வேண்டும். நம் லேப் சார் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நம் லேபில் ஆசிலோஸ்கோப் இன்னமும் வேலை செய்தால் அந்த அலையை அவரிடம் இன்னொரு தடவை காட்டலாம் என்று இருக்கிறேன்.